வக்கீலுக்கு வயிறு சரியில்லை

“மறுபடியும் பால் குடுத்தீங்களா?”

டாக்டரம்மா கேட்டதும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“பாவமா பாத்துச்சு டாக்டர். மனசு கேக்கல. கொஞ்சூண்டுதான்...”

“கொஞ்சூண்டா? வயிறு பானை மாதிரி உப்பிக் கெடக்கு!”

மேசைமேல் துவண்டு கிடந்தது பூனை. கறுப்பு உடம்பு, கழுத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை. அதனால் வீட்டில் அதற்கு வக்கீல் என்று பெயர். இரண்டு மாதத்தில் இது ஐந்தாவது தடவை. வாந்தி, பேதி.

பக்கத்தில் நின்ற கணவன் பொரிந்து தள்ளினான்.

“மருந்துக் கடையில வேலை பாக்கிறா டாக்டர். ஊருக்கெல்லாம் மாத்திரை எண்ணிக் குடுக்கிறவளுக்கு ஒரு பூனைக்கு அளந்து சோறு போடத் தெரியல!”

அவள் பூனையின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். வெளியே பெஞ்சில் அவளுடைய மாமனார், காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முதலில் வயிற்றுப் பூச்சி என்று நினைத்தார். மலம் சோதித்தாயிற்று, ரத்தம் சோதித்தாயிற்று. எல்லாம் சரியாக இருந்தது. வயிற்றுக்கென்றே இருக்கிற சாப்பாட்டுக்கு மாற்றினார். நாலு நாளில் வக்கீல் துள்ளிக் குதித்தான். பத்தாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி.

அதைவிடக் குழப்பியது அவள் கொண்டுவரும் நோட்டு. காலை ஏழு மணி, இருபது கிராம். மதியம் ஒன்று, பதினைந்து கிராம். வாந்தியின் நிறம்கூட எழுதியிருந்தாள். இவ்வளவு கணக்காக இருப்பவள் எப்படிக் கிண்ணம் கிண்ணமாகப் பால் ஊற்றுவாள்?

மூன்று வாரம் கழித்துக் கணவன் மட்டும் கூடையோடு வந்தான். அதே வாந்தி.

“அவங்க வரலையா?”

“அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. மூணு நாளாச்சு. போன்ல கேட்டேன். கிளம்பும்போது பால் வெச்சுட்டு வந்தேன்னு கூசாம சொல்றா டாக்டர்!”

டாக்டரம்மா கூடையில் விரித்திருந்த துணியைப் பார்த்தார். செரிக்காத சாப்பாடு, திரியாத பால். சாப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

அதை அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை. “அவங்க வந்ததும் என்னை வந்து பாக்கச் சொல்லுங்க” என்றார்.

இரண்டு நாள் கழித்து அவள் வந்தாள். மாமனாரும் கூட வந்து, வெளியே வக்கீலை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

டாக்டரம்மா கதவைச் சாத்தினார்.

“அன்னிக்கு வாந்தியில வந்தது அப்பத்தான் குடிச்ச பால். நீங்க ஊர்லயே இல்ல. உங்க கை என்ன அவ்வளவு நீளமா?”

அவள் புடவைத் தலைப்பைத் திருகினாள்.

“செய்யாத தப்பை எதுக்கு இழுத்துத் தலைமேல போட்டுக்கிறீங்க? யாரைக் காப்பாத்தறீங்க? வீட்டுக்காரரையா?”

“அவர் பூனைப் பக்கமே போகமாட்டார் டாக்டர்.”

“பின்னே?”

அவள் கண் கதவுப் பக்கம் போய்த் திரும்பியது.

“மாமாதான். வக்கீலுக்குச் சாப்பாடு போடுவார். போட்டது மறந்துடும். திரும்பப் போடுவார். அதுவும் மறந்துடும். ஐயோ, பட்டினி கெடக்கேன்னு பாலும் ஊத்துவார். வக்கீலும் வெச்சதை மிச்சம் வைக்காது.”

“இதை வீட்டுக்காரர்கிட்ட சொல்றதுக்கென்ன?”

“போன வருஷம் ஒரு நாள் மாமா வழி மறந்து எங்கயோ போயிட்டார். அதுலேர்ந்து கடைக்கு விடறதில்ல, வண்டிச் சாவியைக் குடுக்கிறதில்ல. உக்காருங்கப்பான்னு வீட்டுக்காரர் அக்கறையாத்தான் சொல்றார். ஆனா ஒவ்வொண்ணா பிடுங்கிப் பிடுங்கி, இப்ப மாமா கையில மிச்சம் இருக்கிற வேலை இது ஒண்ணுதான் டாக்டர். மறதிக்கு மாத்திரை வாங்கிக் குடுத்துட்டுதான் இருக்கேன். வக்கீலையும் பிடுங்கிட்டா மனுஷன் உடைஞ்சு போயிடுவார்.”

டாக்டரம்மா மருந்துச் சீட்டை முன்னால் இழுத்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

“ஒரு நாள் சாப்பாட்டை அளந்து ஆறு சின்ன டப்பாவுல போட்டு வைங்க. மீதியைப் பூட்டிடுங்க. எத்தனை தடவை போட்டாலும் அளவு தாண்டாது. வீட்டுக்குப் பால் வாங்கறதை நிறுத்திட்டுக் காப்பிக்குப் பால் பவுடர் வாங்குங்க, அதையும் பூட்டலாம். அவரே போடட்டும்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மருந்து வாங்கக் கவுண்ட்டருக்குப் போனாள்.

அவள் நகர்ந்ததும் கதவு மெல்லத் திறந்தது. மாமனார். தோளில் வக்கீல்.

“டாக்டரம்மா, ஒரு நிமிஷம்.” சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “உள்ள அவளைத் திட்டினீங்களா?”

“இல்லைங்க ஐயா.”

“திட்டாதீங்கம்மா. தங்கமான பொண்ணு. என்னவோ, இந்த வயசுலயே மறதி வந்துடுச்சு அவளுக்கு. இவனுக்குச் சாப்பாடு போட்டதை மறந்துட்டுத் திரும்பத் திரும்பப் போடறா. நான் பாக்கும்போதெல்லாம் தட்டு வழியுது.”

டாக்டரம்மாவின் கண் கவுண்ட்டர் பக்கம் போய்த் திரும்பியது.

“என் பையன் முன்கோபி. அவளுக்கு மறதின்னு அவனுக்குத் தெரிய வேண்டாம்” என்றார் பெரியவர். “அவன் கேட்டா, நான்தான் போட்டேன்னு சொல்லிடுங்க.”