பின்பக்கத்துக் கேமரா

இன்றைக்கும் கேமரா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சோளக்காடு என்ற மலையூரில் பஸ் நிற்கும் இடத்தில் டீயைக் கையில் வாங்கிய இளங்கோ, செல்போனில் அந்தக் காட்சியைக் கண்டதும் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு பைக்கை உதைத்தான். மலைமேல் இருந்த அந்தச் சின்னத் துணை மின்நிலையத்துக்கு உதவிப் பொறியாளராக வந்த நாளிலிருந்து, நிம்மதியாக ஒரு டீ குடிக்க அவனுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அடிவாரத்தில் எங்கேயோ ஒரு மின்நிலையத்தில் வேலியை அறுத்து, எர்த் இணைப்புச் செப்புப் பட்டைகளைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். அதிலிருந்து மேலிடத்தில் ஒரே கெடுபிடி. இளங்கோவும் நாயாய்ப் பேயாய் அலைந்து முள்கம்பி வாங்கினான், விளக்கு வாங்கினான், வேலியைச் சுற்றிக் கேமரா மாட்டினான். முன்பக்கக் கேமராக்கள் சமர்த்தாக இருந்தன. பின்பக்கத்துக் கேமராவுக்கு மட்டும்தான் இந்த வியாதி. பட்டப்பகலில் கழுத்தைத் திருப்பிக்கொண்டுவிடும்.

கேட்டால் வாட்ச்மேன் பூபதி, "குரங்குங்க சார்" என்பார்.

இளங்கோவும் அதை நம்பித் தொலைத்தான். நேற்று மேலதிகாரி போனில் பிடித்துக்கொண்டார்.

"திருடனுக்கு உள்ளேயே ஆள் இருக்கான்யா. நாளன்னிக்கு நானே ஆய்வுக்கு வர்றேன். அதுக்குள்ள அவனைப் பிடிச்சு வெளியே அனுப்பு. இல்லேன்னா மெமோ உனக்கு!"

அதனால்தான் இன்று வழியிலேயே பைக்கை நிறுத்தி, செல்போனில் பதிவைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தான். பலாக்காய் பறிக்கிற தொரட்டி ஒன்று மெதுவாகப் படத்துக்குள் வந்தது. கேமராவின் தலையில் ஒரு தட்டு. அப்புறம் வெறும் வானம்.

மின்நிலையத்துக்குள் நுழையும்போதே கத்தினான்.

"பூபதி! இந்த மலைக் குரங்குக்குத் தொரட்டி பிடிக்கத் தெரியுமா?"

பூபதி எழுந்து நின்றார். கண்ட்ரோல் ரூமில் மீட்டர் பார்த்துக்கொண்டிருந்த ஆபரேட்டர் பானுமதியும் வாசலுக்கு வந்தாள்.

"கேக்கறேன்ல? யாரு திருப்புனது?"

"நான்தானுங்க சார்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று இளங்கோ எதிர்பார்க்கவில்லை. அதுவே எரிச்சலை இன்னும் கிளப்பியது.

"எதுக்கு?"

"சும்மாதானுங்க."

"சும்மாவா! நான் நாலு ஆபீஸ் ஏறி இறங்கிக் கெஞ்சி வாங்கின கேமரா, உங்களுக்குச் சும்மா திருப்பி வெளையாடறதுக்கா? செம்புப் பட்டையை எவனாவது உருவிட்டுப் போனா இங்க வேலை செய்யற ஆளு ஷாக்கடிச்சுச் செத்துப்போவான், தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

"அப்ப எவனுக்கு வழி விடறீங்க?"

"அய்யோ, சத்தியமா அப்பிடியெல்லாம் இல்லீங்க சார்."

"பின்னே என்னதான்யா?"

பூபதி தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான், கல்லுப் பிள்ளையார் மாதிரி ஆகிவிட்டார். இளங்கோவுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு காரணம், ஒரு பொய்க் காரணமாவது சொன்னால்கூட மேலே எழுதித் தப்பிக்க வைக்கலாமே!

"நீங்க காண்ட்ராக்ட் ஆளு. நான் ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கு வேலை இல்லை. புள்ளையைக் காலேஜுல சேத்திருக்கேன்னு சொன்னீங்களே, அதை நெனச்சாவது வாயத் திறங்க."

"உங்களுக்குச் சங்கடம் வேண்டாமுங்க. நான் போயிக்கறேன்" என்றார் பூபதி. விசிலையும் டார்ச்சையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அண்ணா, இருங்க!" பானுமதி குறுக்கே வந்தாள். "சார், அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

"நீ உள்ள போ கண்ணு" என்று அதட்டினார் பூபதி.

"இல்லீங்கண்ணா. என்னால உங்க வேலை போகக் கூடாது." அவள் முகம் சிவந்துவிட்டது. "சார், நான் பின்பக்கம் போறப்ப மட்டும்தான் அண்ணன் அதைத் திருப்பி வெப்பாருங்க. நான் வந்தவுடனே நேரா வெச்சிருவாரு. ஒருசில நாளு மறந்துருவாரு, அவ்வளவுதான்."

"ஓ, நீங்களும் கூட்டா? ஆபரேட்டருக்குப் பின்பக்கம் என்னம்மா வேலை?"

அவள் குனிந்து, மேஜைமேல் இருந்த விசிலைப் பூபதி பக்கம் தள்ளி வைத்தாள்.

"சொல்லித் தொலைங்களேன்! ஆளாளுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க?"

பானுமதி நிமிர்ந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. கோபமும் இருந்தது.

"அந்தக் கேமராப் படம் கீழே ஆபீஸ்ல பெரிய டி.வி.யில ஓடுதுங்க சார். அத்தனை ஆம்பளைங்க உக்காந்து பாக்கறாங்க. காலையில வந்தா சாயங்காலம் வரைக்கும் நான் இங்கதான் இருக்கோணும். நானும் மனுசிதானுங்களே? ஒரு அவசரத்துக்கு நான் எங்க போவேன்? அந்தப் புதருக்குத்தான் போறேன்."

இளங்கோவுக்குச் சுருக்கென்றது. பூபதியைப் பார்த்தான். அவர் இன்னும் தலை நிமிரவில்லை. ஒரு பெண்ணின் மானம் பேச்சுக்கு வரக்கூடாது என்றே அந்த மனுஷன் வேலையை விடத் துணிந்திருக்கிறார் என்பது புரிந்தது. ஆனால் கத்திப் பழகிய வாய் சட்டென்று அடங்குமா?

"அதுக்கு எதுக்கும்மா புதரு? இங்கதான் பாத்ரூம் கட்டி விட்டிருக்காங்களே! அதைப் பொழங்கறதுக்கு உங்களுக்கெல்லாம் என்ன கேடு?"

"பொழங்கிட்டுத்தானுங்க சார் இருந்தோம்" என்றார் பூபதி, தவறு தன்னுடையது போன்ற தணிந்த குரலில். "மீந்த முள்கம்பியையும் கேமராப் பெட்டியையும் யாராச்சும் திருடிருவாங்கன்னு அதுக்குள்ளாற அடுக்கிப் பூட்டுப் போட்டீங்களே... சாவி உங்க பாக்கெட்லதானுங்க இருக்குது."