சங்கத்து நாடா

நெடுங்கொம்பு மாடு வளர்ப்பவர்களின் சங்கத்தில் ஒரு சட்டம் உண்டு. அப்பனைவிடக் கொம்பு குறைந்த காளை இனவிருத்திக்கான பொலிகாளை ஆக முடியாது. கொம்பு அளக்கும் மைதானத்து ஓரத்தில் நிற்கும் அடிமாட்டு லாரியில் ஏற வேண்டியதுதான்.

அன்று முதலில் காரிக்காளையின் முறை. சங்கத்தின் பழைய துணி நாடாவை அதன் கொம்பின் மேல் வைத்தார்கள்.

"தொளதொளன்னு வெக்காதீங்க! நல்லா இழுத்துப் புடிங்க!" என்று கத்தினார் அடுத்த காளையின் சொந்தக்காரர் சென்னியப்பன்.

இழுத்தார்கள். காளை நாடாவிடம் கேட்டது:

"நாடாண்ணே, எங்கப்பனைவிட எனக்குக் கொம்பு நீளம். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்டா தம்பி," என்றது நாடா. "உங்கப்பனை அளந்தப்போ நான் புதுசு. அதுக்கப்புறம் அடுத்தவன் மாடு ஜெயிச்சிடக் கூடாதுன்னு ஆளாளுக்கு என்னை இழுக்கச் சொன்னாங்க. இழுத்து இழுத்து நான் நீண்டுட்டேன், என் மேல இருக்குற கோடெல்லாம் தள்ளித் தள்ளிப் போயிருச்சு. அதனால நீ குட்டையாத் தெரியுற."

"அதை அவங்ககிட்டச் சொல்லுங்களேன்!"

"சொன்னா என்னையத் தூக்கிக் குப்பையில போட்டுருவாங்க."

"ஒரு விரக்கடை குறையுது!" என்று அறிவித்தார்கள். காரிக்காளை லாரியில் ஏறியது. "இனமே குட்டையாயிட்டு வருது," என்று கூட்டம் உச்சுக்கொட்டியது.

அடுத்துச் சென்னியப்பனின் காளை வந்து நின்றது. நாடா அதன் கொம்பைத் தொடுவதற்குள், காரிக்காளையின் சொந்தக்காரர் வெறும் கயிற்றைக் கையில் பிடித்தபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இழுத்துப் புடிங்க," என்றார்.