அணையாத ஆயில் லைட்

“லைட்டு எரியுதுங்க, செகப்பு ஆயில் லைட்டு! நிப்பாட்டுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” பின்சீட்டிலிருந்து கத்தினாள் சந்திரலேகா.

“பேசாம வாடி. மாப்பிள்ளை வீட்டுக்காரக பிள்ளையார்பட்டிக் கோயில்ல வந்து காத்துக்கிட்டு இருக்காக.”

“இஞ்சின் சீஸாகி நடுரோட்டுல நின்னா, பொண்ணை நடத்தியா கூட்டிட்டுப் போவீக?”

வண்டி ஓட்டிவந்த உதயகுமார் வேகத்தைக் குறைத்தார். முணுமுணுத்துக்கொண்டே செக்காலை ரோட்டில் மெக்கானிக் முத்தரசுவின் ஒர்க்‌ஷாப்புக்குள் வண்டியை ஒடித்தார்.

மகள் துர்கா பட்டுப்புடவையும் வீங்கிய கண்ணுமாக இறங்கி நின்றாள். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தவள். ஓசூரில் வேலைகூடக் கிடைத்திருந்தது. ‘வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். இன்னைக்கே பூ வச்சு முடிச்சிருவோம்’ என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். ராத்திரியெல்லாம் அழுதும் அவர் அசையவில்லை.

முத்தரசு பானெட்டைத் தூக்கி, ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தான். “ஆயில் மட்டம் சரியாத்தாண்ணே இருக்கு. பம்ப்பு அடிக்குதான்னு பாத்துருவோம்.”

லைட்டுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, சென்சார் இருந்த இடத்தில் பிரஷர் மீட்டரை மாட்டினான். உதயகுமார் ஏறி ஸ்டார்ட் செய்தார். முள் ஜம்மென்று ஏறி நின்றது.

“பிரஷர் அருமையா இருக்குண்ணே. உள்ள லைட்டு அணைஞ்சிருச்சா?”

“இல்லையே, எரியுதே!”

“வயரையே கழட்டிட்டேன், எப்படிண்ணே எரியும்?”

முத்தரசு அந்த வயரைத் தடவிக்கொண்டே போனான். பேட்டரிக்குப் பின்னால் அவன் கை நின்றது.

“அடப்பாவிகளா! ஊக்குண்ணே, புடவைக்குக் குத்துற ஊக்கு! வயருக்குள்ள குத்தி, மறுமுனைய பாடி போல்ட்டுல நெருக்கி விட்டிருக்காக. சாவியைப் போட்டா லைட்டு எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். இஞ்சினுக்கு ஒண்ணுமே இல்ல. இது விவரந்தெரிஞ்ச கை செஞ்ச வேலை!”

உதயகுமார் இஞ்சினை அணைத்தார். இறங்கி வந்து மகளை முறைத்தார்.

“படிச்ச படிப்பை என்கிட்டயே காட்டுறியா?” கையை ஓங்கிவிட்டார்.

“சத்தியமா நான் இல்லப்பா!” துர்கா பின்வாங்கினாள்.

ஓங்கிய கையைச் சந்திரலேகா எட்டிப் பிடித்தாள்.

“அவளை ஏன் அடிக்கிறீக? குத்துனது நாந்தேன். மாமனார் லாரி மெக்கானிக்குன்னு வெளிய சொல்லக் கூச்சப்பட்டீகளே, அவரு மகதானே நானு?”

உதயகுமார் கையை விடுவித்துக்கொண்டார். நேற்றுவரை மாப்பிள்ளை வீட்டாரிடம் போனில் குழைந்து குழைந்து பேசியவள் இவள்தானே!

“ஏன்டி... உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?”

“என்னையும் இப்படித்தான், உங்ககிட்டக் காட்ட அழ அழ இதே பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிட்டுப் போனாக. அன்னைக்கு வண்டி நிக்கலையே!”