டார்ச் பேசிய மூச்சு

எக்ஸ்ரே அறையில், காது கேளாத தச்சர் பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்கிறார். படம் தெளிவாக விழுந்தால்தான் நாளைக்கு அறுவை சிகிச்சை. "மூச்சை இழுத்துப் பிடிங்க!" என்று டாக்டர் கத்துகிற கத்தலில் நாலு தெருக்காரர்கள் மூச்சைப் பிடித்திருப்பார்கள்; தச்சர் மட்டும் நிதானமாக மூச்சு விடுகிறார். இரண்டு படமும் கலங்கல். "தொண்டைக்கு ஓய்வு குடுங்க சார்," என்கிறாள் படம் எடுக்கும் என் மகள். தச்சர் முன்னால் நின்று, டார்ச்சை அடித்ததும் தன் மூச்சை இழுத்துப் பிடித்துக் காட்டுகிறாள், அணைத்ததும் விடுகிறாள். அவர் தலையாட்டுகிறார். பக்கவாட்டில் இருக்கும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவள் டார்ச்சின் மஞ்சள் வெளிச்சம் எரிகிறது, தச்சர் சிலையாகிறார். படம் பளிச்! வெளியே வந்தவர், சாப்பாட்டு அடுக்கோடு வாசலில் நிற்கும் என்னையும் அவளையும் மாறி மாறிக் காட்டிப் புருவம் தூக்குகிறார். "ஆமாங்க, என் பொண்ணேதான்!" என்று டாக்டரைவிட உரக்கக் கத்துகிறேன். கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன? அரை கஜம் விரிந்த என் நெஞ்சைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிடுகிறது.