செல்சோவின் முதல் கோல்

எங்கள் அஸ்தூரியாஸ் ஊர்க் கால்பந்து அணியில் செல்சோ பதினாறு வருடமாகத் தடுப்பாட்டக்காரன். ஒரு கோல்கூடப் போட்டதில்லை. அந்தத் தைரியத்தில்தான் பெலார்மினோ தன் ஆப்பிள் மதுக்கடை வாசலில் பலகை மாட்டியிருந்தார்: 'செல்சோ கோல் போட்டால் அன்று ஊருக்கே இலவசம்!'

இன்று அவனுக்குக் கடைசி ஆட்டம். நாங்கள் மூன்று கோல் முன்னிலை. முடிகிற நேரத்தில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. "செல்சோ! செல்சோ!" என்று அரங்கமே அலறியது.

"நான் மாட்டேன்டா. வேற யாராவது அடிங்க."

"ஊரே நாக்கத் தொங்கப் போட்டுட்டு நிக்குது. அடி மச்சான்!" கேப்டன் என்ற உரிமையில் பந்தை அவன் கையில் திணித்தேன்.

உதைத்தான். பந்து கோணலாகப் போய்க் கம்பத்தில் மோதி, பாய்ந்து விழுந்த கோல்கீப்பரின் முதுகில் பட்டு, வலைக்குள் உருண்டது.

கோல்! கிழவர்கள்கூடக் குதித்தார்கள். பாதிக் கூட்டம் அப்போதே கடையைப் பார்த்து ஓடியது. செல்சோ மண்டியிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான்.

நானும் அழுதபடி கட்டிக்கொண்டேன். "ஆனந்தக் கண்ணீராடா?"

"வெளியதான்டா அடிச்சேன்!" என்று விம்மினான். "பெலார்மினோ கடைய நேத்துதான் நான் வாங்கினேன். நானாவது கோல் போடுறதாவதுன்னு பலகையக் கழட்டாம விட்டுட்டேன்!"