இறக்கையின் முதுகில் ஒரு நூல்

காற்றுச் சுரங்கம் என்பது விமான இறக்கைகளுக்குப் பரீட்சை வைக்கும் இடம். அங்கே வந்த ஒரு மர இறக்கை, காற்று எப்படி ஓடுகிறது என்று காட்டத் தன் முதுகில் ஒட்டியிருந்த நூலிடம் கெஞ்சியது.

"காத்து வரும்போது அசையாம படுத்துக்கோ. நீ ஆடினா என் வளைவு சரியில்லன்னு தூக்கிப் போட்டுடுவாங்க."

"சரி," என்றது நூல். அதற்கு இறக்கையை ரொம்பப் பிடிக்கும்.

காற்று வந்தது. பரீட்சை வைப்பவர்கள் இறக்கையின் முன் விளிம்பான மூக்கை மெல்ல மேலே தூக்கினார்கள். சட்டென்று காற்று முதுகை விட்டு விலகியது. நூல் எவ்வளவோ அடக்கிப் பார்த்தது. முடியவில்லை, படபடவென்று துடித்தது.

"துரோகி," என்றது இறக்கை.

"திட்டிக்கோ. நான் பொய்யா படுத்திருந்தா உன்னை வானத்துக்கு அனுப்பிடுவாங்க. அங்கேயிருந்து நீ விழுந்தா நான் என்ன பண்ணுவேன்?"



யாரும் இறக்கையைத் தூக்கிப் போடவில்லை. நூலை உரித்தெடுத்து, அது துடித்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து வளைவை மாற்றினார்கள். பிறகு அதே நூலை ஒட்டி, மறுபடி காற்றை விட்டார்கள். மூக்கு முன்னைவிட மேலே போனது. நூல் அசையவே இல்லை.

இறக்கைக்குப் பயமாகிவிட்டது.

"ஏய், நிஜமாத்தான் படுத்திருக்கியா, இல்ல எனக்காகவா?"

"சும்மா இரு," என்றது நூல். "தூக்கம் வருது."