சம்பந்தி பார்த்த படம்

சம்பந்தி சிரித்த சிரிப்பைத்தான் அனந்தலக்ஷ்மியால் தாங்க முடியவில்லை.

பாகீரதி மைசூரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்து முழுசாக நாலு நாள் ஆகவில்லை. அதற்குள் மகளோடும் மாப்பிள்ளையோடும் மாலுக்குப் போய் சினிமா பார்த்துவிட்டு வந்தாயிற்று. வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன சிரிப்புங்கறேள் மாமி. வயிறு புண்ணாப் போச்சு. மாப்பிள்ளை என்னைத் தாங்கு தாங்குன்னு தாங்கிட்டார்."

அனந்தலக்ஷ்மி கீரையை ஆய்ந்தபடியே என்ன படம் என்று கேட்டாள். செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடிருப்பவர்களைக் கடிக்கிற கன்னடப் படமாம். ஜாம்பிப் படம் என்று மருமகள் அம்ருதா விளக்கினாள். அதில் காமெடி வேறாம்.

"பொணத்தைப் பாத்துச் சிரிக்க டிக்கெட் வேறயா?" என்றாள் அனந்தலக்ஷ்மி.

கோபம் படத்தின் மேல் இல்லை, மகன் கண்ணாவின் மேல். பெற்றவள் வீட்டில் கீரை ஆய, மாமியாருக்கு சினிமா.

நியாயமாகச் சொன்னால் அவன் கூப்பிடாமல் இல்லை. அப்பா சுந்தரேசன் காலமான பிறகு இந்த இரண்டு வருஷத்தில் சினிமா, ஹோட்டல், லால்பாக் பூங்கா என்று எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தான். "எனக்கு எதுக்குடா" என்று அவள்தான் மறுத்தாள். வாசலைத் தாண்டினால் கோயில், விட்டால் மருந்துக்கடை. ஆனால் வரமாட்டேன் என்பவளை மறுபடியும் கூப்பிட வேண்டாமோ? இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, சரி என்று மாமியாரோடு கிளம்பிவிட்டான்.

அடுத்த மூன்று நாளும் பாகீரதிக்கு அந்தப் படத்தின் பேச்சுதான். காபி குடிக்கும்போது தானாகச் சிரித்துக்கொண்டாள். என்னவென்று கேட்டால், பார்த்தால்தான் புரியும் என்றாள். அனந்தலக்ஷ்மிக்கு வயிறு எரிந்தது. நாலாம் நாள் அவளே மகனிடம் போய் நின்றாள்.

"அந்தக் கண்றாவியை நானும் பாக்கணும்."

சனிக்கிழமை மதியக் காட்சி. பாகீரதி, தான் பார்த்த படம்தானே என்று வீட்டில் இருந்துகொண்டாள். மகனுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததுமே அனந்தலக்ஷ்மிக்குப் பாதி வயிற்றெரிச்சல் அடங்கிவிட்டது.

முதல் கால் மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு ராமநாமம் சொன்னாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்தாள்.

திரையில் ஒரு அபார்ட்மென்ட் செக்ரட்டரி. ஜாம்பி ஆன பிறகும் குப்பையைப் பிரித்துப் போடச் சொல்லிக் கையை நீட்டினான். நீட்டிய கை கழன்று விழுந்தது. அது ஈரக் குப்பையா, உலர்ந்த குப்பையா என்று ஜாம்பிகள் எல்லாம் கூடி மீட்டிங் போட்டன.

அனந்தலக்ஷ்மி குடியிருந்த அபார்ட்மென்ட்டின் செக்ரட்டரியும் அச்சு அசல் இதே ரகம். அவள் புரையேறும் வரை சிரித்தாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கண்ணா திரையை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை பார்த்த படம், போரடிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சம்பந்தியைத் தேடிப் போனாள்.

"அந்தக் கையைக் கடைசியில எந்தத் தொட்டியில போட்டா, சொல்லுங்கோ?"

"எந்தக் கை?" என்றாள் பாகீரதி. உடனே சுதாரித்துக்கொண்டு, "ஆமாமா, கை... நல்ல சிரிப்பு" என்று சமாளித்தபடி ரசத்தைச் சுடவைக்கப் போய்விட்டாள்.

அனந்தலக்ஷ்மிக்குத் தலைகால் புரியவில்லை. மகனை பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"உன் மாமியாருக்கு ஒண்ணுமே தெரியலைடா. நன்னாத் தூங்கியிருப்பா. இதுல வயிறு புண்ணாப் போச்சாம். இனிமே அவளைக் கூட்டிண்டு போய் டிக்கெட்டை வீணாக்காதே. நான் வரேன்."

கண்ணா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மாமி படமே பாக்கலைம்மா. முதல் பொணம் எழுந்ததுமே பயந்து வெளியில போயிட்டா. எங்களை உள்ள அனுப்பிட்டு ரெண்டு மணி நேரம் பெஞ்சுல தனியா உக்காந்துண்டிருந்தா. திரும்பி வரச்சே என்ன சொன்னா தெரியுமா? 'நீங்கோ கூப்பிட்டா சம்பந்தி வரமாட்டா, மாப்பிள்ளை. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன்னு சொல்றேன். ஒரே வாரம், அவாளே கிளம்பி வந்துடுவா பாருங்கோ.'"